விழ வேண்டிய சுவிட்சு

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் கேட்பது உப்பு. உட்கார இடம் கேட்க மாட்டார். குடிக்க எதுவும் வேண்டாம் என்பார். குடையை வாசல் மூலையில் சாய்த்துவிட்டு, "ரெண்டு கை உப்பும், ஒரு பெரிய மண்பானை நெறையத் தண்ணியும் வேணும்" என்பார். வீட்டுப் பெண்கள் திகைத்துப்போய் என்னைப் பார்ப்பார்கள். அந்த வீட்டுக்கு வயரிங் செய்த காண்ட்ராக்டர் நான். "குடுங்கம்மா, எல்லாம் நம்ம வீட்டு நல்லதுக்குத்தான்" என்று நான் சொல்வேன். மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊர் மின்சார ஆபீஸில் அவர் இன்ஸ்பெக்டர். அப்போது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. புதிதாக வயரிங் செய்த வீட்டை அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கரண்ட் கொடுப்பார்கள். ஆபீஸ் ஆள் ஒருவன் கம்பத்திலிருந்து தற்காலிகமாகக் கம்பி இழுத்துக் கொடுக்க, இவர் முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு ஒரு மரப்பலகை மேல் ஏறி நிற்பார். குழந்தைகளைத் தெருவுக்கு அனுப்பச் சொல்வார். பானையில் உப்பைக் கரைத்து, மரக்கட்டையில் மாட்டிய இரண்டு இரும்புத் தகடுகளைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்குவார். தகடு இறங்க இறங்கத் தண்ணீர் வழியாக ஓடும் கரண்ட் கூடும். பக்கத்தில் மரப்பெட்டிக்குள் மீட்டர் முள் நகரும். ஒரு கையில் பாக்கெட் கடிகாரம். பியூஸ் கம்பி தாங்க வேண்டிய அளவைத் தாண்டி முள் போனதும் கம்பி உருகி அறுந்தாக வேண்டும். அறுந்தால் அவர் முகம் தெளியும்.

"போயிட்டு" என்பார்.

பியூஸ் போச்சு என்றால் ஊர் முழுக்க அது கெட்ட செய்தி. அவருக்கு மட்டும் நல்ல செய்தி.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நேரில் இன்ஸ்பெக்டர் அண்ணாச்சி, முதுகுக்குப் பின்னால் உப்புப்பானை. சாயர்புரம் பக்கத்துக்காரர். பனைமரம் மாதிரி உயரம், சதையில்லாத உடம்பு, காக்கிக் கால்சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. யார் எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார். கேட்டு முடித்ததும் ஒரே கேள்விதான்: "நீரு பார்த்தீரா?" பார்க்கவில்லை, இன்னார் சொன்னார் என்றால் தலையை ஆட்டிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். ஒருமுறை ஆபீஸில் யாரோ ஓடிவந்து, துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்றார்கள். எல்லோரும் அதைப் பற்றிப் பேசினோம். இவர் மட்டும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெயிலில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா, வந்திருக்கு" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். அப்பா முத்துக்குளிப்பில், குளிப்பவர்கள் இறங்கும் கயிற்றைத் தோணியில் நின்று பிடித்தவர். நான்தான் கொழும்புக்குப் போய் வயரிங் கற்றுக்கொண்டு வந்து இந்தத் தொழிலில் இறங்கினேன். கை சுத்தமான வேலைக்காரன் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பு இருந்தது. அப்படிப்பட்டவனை ஒவ்வொரு வீட்டிலும் பானைத் தண்ணீருக்கு முன்னால் கைகட்டி நிற்கவைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

யுத்த காலத்தில் பியூஸ் கம்பி கிடைக்காது. கடையில் கிடைக்கும் சுருளில் ஐந்து ஆம்பியர் என்று சீட்டு ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது எந்தக் கம்பி என்று கடைக்காரருக்கே தெரியாது. ஒரு நாள் இவர் ஒரு கடையில் போய் நின்று, ஒவ்வொரு சுருளிலும் ஒரு சாண் வெட்டிக் கேட்டார். கடைக்கார அண்ணாச்சிக்குக் கோபம். "சீட்டுல போட்டிருக்கு, வெள்ளைக்காரன் கம்பெனி முத்திரை இருக்கு, அதுக்கு மேல உமக்கு என்னவே வேணும்?" என்றார்.

"முத்திரை குத்தினவரு இங்கன வந்து நின்னு சொன்னா ஒத்துக்கிடுதேன்" என்றார் இவர்.

அன்று சாயங்காலமே துண்டுகளைச் சோதித்துவிட்டு வந்து, நான்கு சுருள்களைத் தனியே எடுத்துவைக்கச் சொன்னார். அதில் ஒன்று இருபது ஆம்பியருக்கும் அசையாத கம்பி. அதை வீட்டில் போட்டிருந்தால் சுவருக்குள் ஓடும் கம்பிதான் முதலில் எரிந்திருக்கும். கடைக்காரர் அதற்குப் பிறகு புதுச் சரக்கு வந்தால் தானே ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட ஆரம்பித்தார். இதை நான் அவருடைய பெருமைக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு அது பெருமையாகப் படவில்லை. வேலையைத் தாமதப்படுத்துகிற மனிதர் என்றுதான் பட்டது.

மளிகை மொத்த வியாபாரி ஒருவர் வீட்டில் மகளுக்குக் கல்யாணம். பந்தல் முழுக்கக் கலர் பல்பு போட்டிருந்தோம். பாரம் தாங்காமல் பியூஸ் அடிக்கடி போனதால், வீட்டுக்காரரே ஒரு தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைத்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் அந்த வழியாகப் போனவர் உள்ளே வந்து சுவிட்சுப் பலகையைத் திறந்து பார்த்தார். பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வே, நாளைக்கு முகூர்த்தம். என் மகளுக்கு இருட்டுல தாலி கட்டச் சொல்லுதீரா?"

"காஸ் லைட்டு வெளிச்சத்துல கட்டினாலும் தாலி தாலிதான அண்ணாச்சி. பந்தல் ஓலையில நெருப்புப் பிடிச்சா வந்திருக்கிற சனம் எங்க போவும்?"

வியாபாரி கத்தினார். பெரிய மனிதர்கள் பெயரையெல்லாம் சொன்னார். இவர் குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு வண்டியில் எட்டு காஸ் லைட்டுகள் வந்து இறங்கின. இவர் வாடகைக்கு எடுத்து அனுப்பியவை. கல்யாணத்துக்கும் வந்தார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். வியாபாரி அவர் இலைப்பக்கம் திரும்பவே இல்லை.

அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு. தன் வீட்டு பியூஸுக்கே பானை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "சோத்துல உப்பு இல்லைன்னா இவுகளுக்குத் தெரியாதுண்ணே. போட்டதைச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சிருவாக. பானையில உப்புக் கொறைஞ்சா மட்டும் தெரிஞ்சிரும்." அந்த அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்துவது சுலபமாக இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் பரீட்சையில் தேறிவிட்டதாக வந்து சொன்னால்கூட மார்க் சீட்டைக் காட்டும்வரை அவர் முகம் மாறாதாம்.

யுத்தம் முடிந்தது. ராணுவக் கிடங்குகளில் மிஞ்சிய சாமான்களை ஏலம் விட்டார்கள். கடற்கரை அருகே கிடங்கு வைத்திருந்த இரும்புக்கடைக்காரர் ஒருவர் அதில் ட்ரிப் சுவிட்சுகளை எடுத்திருந்தார். கறுப்பு நிறத்தில் உள்ளங்கை அளவுப் பெட்டி. முன்னால் ஒரு சிறு கைப்பிடி. கரண்ட் அளவுக்கு மேல் போனால் கைப்பிடி தானே கீழே விழுந்து கரண்டை நிறுத்திவிடும். பியூஸ் கம்பி தேட வேண்டாம், திரும்பத் தூக்கிவிட்டால் போதும். ஊரில் அதற்கு விழுற சுவிட்சு என்று பெயர் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்டது என்று அச்சடித்த தாளும் ஈய முத்திரையும் பெட்டியில் இருந்தன. நான் சுவிட்சுகள் அடுக்கிய மரப்பெட்டி இரண்டு வாங்கினேன்.

முதல் பெட்டி புதுசு போல இருந்தது. இரண்டாவதைத் திறந்தபோது ஓரத்தில் இருந்தவை மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எங்கேயோ கடல் தண்ணீர் ஏறியிருக்கிறது. நான் ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கைப்பிடியைக் கையால் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். எல்லாம் டக் டக் என்று நன்றாக வேலை செய்தன. சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கரண்ட் கேட்டு வந்த மனுக்கள் ஆபீஸில் மலைபோலக் குவிந்திருந்தன. ஒவ்வொரு சுவிட்சையும் பானை வைத்துப் பார்த்தால் எப்போது முடியும் என்று மேலதிகாரி சத்தம் போட்டார். ஒரே சரக்கு என்றால் பத்துக்கு ஒன்று பார்த்தால் போதும், பட்டணத்தில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். இவர் இரண்டு வாரம் இழுத்துப் பிடித்தார். கடைசியில் என் பட்டறைக்கு வந்தார்.

"ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருந்துச்சா?"

"ஒரே மாதிரிதான் அண்ணாச்சி. நான் ஒண்ணொண்ணா கையால போட்டுப் பார்த்தாச்சு."

"உப்பு ஈரம் ஏதும்?"

"இல்ல."

சோதனைக்கு நான் எடுத்துக் கொடுத்தவை எல்லாம் முதல் பெட்டியில் இருந்தவை. பானையில் வைத்தார். நொடிக் கணக்குப் பிசகாமல் எல்லாம் விழுந்தன. அன்று ஒரே நாளில் அத்தனை வீட்டுத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துப் பேனாவை மூடும்போது, "பார்க்காததுக்குக் கையெழுத்துப் போட்டது இதுதான் மொதல் தடவை" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

கடற்கரைத் தெருவில் பிலோமி அக்கா என்று ஒரு தையல்காரி இருந்தார். புருஷன் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பத்து மாதம் ஊரில் இருக்க மாட்டார். அக்காவின் தையலுக்கு ஊரில் நல்ல பெயர். மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைக் கவுன் எல்லாம் அவர் கையால் தைத்தவை. கரண்ட் வந்ததும் புருஷன் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த மின்சார இஸ்திரிப்பெட்டியை ஆசையாக எடுத்து வைத்துக்கொண்டார். அந்த வீட்டுக்கு வயரிங் செய்தது நான். மாட்டிய சுவிட்சு இரண்டாவது பெட்டியிலிருந்து எடுத்தது.

ஒரு முற்பகலில் இஸ்திரிப்பெட்டியின் வயருக்குள் கம்பிகள் நைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுவிட்சு விழவில்லை. சுவரில் கம்பி ஓடிய மரச்சட்டம் கருகிப் பற்றிக்கொண்டது. கம்பத்து பியூஸ் போவதற்குள் நெருப்பு மேலே ஏறி, தைத்து மாட்டியிருந்த துணிகளைப் பிடித்தது. கீழே தொட்டிலில் ஒன்பது மாதக் குழந்தை. எரிகிற துணியை அக்கா கையாலேயே பிடுங்கி வெளியே எறிந்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் வலது கை மணிக்கட்டு வரை வெந்துவிட்டது.

ஊர் முழுக்க இஸ்திரிப்பெட்டியைத்தான் பழித்தது. பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு என்றவர்களும் உண்டு. நான் விஷயம் கேட்டு ஓடினபோது இன்ஸ்பெக்டர் எனக்கு முன்னால் அங்கே இருந்தார். சுவிட்சைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் உப்பும் பானையும் வாங்கி, ஆபீஸ் ஆளைக் கம்பத்திலிருந்து கம்பி இழுக்கச் சொல்லிச் சோதனையை ஆரம்பித்தார். தகடு இறங்கியது. முள் பத்தைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது, இருபதைத் தாண்டி நின்றது. கடிகாரத்தில் ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. பானைத் தண்ணீரிலிருந்து ஆவி வர ஆரம்பித்தது. கைப்பிடி அப்படியே நின்றது. அவர் கரண்டை நிறுத்திவிட்டுச் சுவிட்சைப் பிரித்தார். உள்ளே கொக்கியும் சுருள் கம்பியும் துரு ஏறி ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன.

அவர் அதை வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "எத்தனை வீடு?" என்றார்.

"அண்ணாச்சி, எல்லாரும் இஸ்திரிப்பெட்டின்னுதான் சொல்லுதாங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. மத்த வீட்டுல நான் சத்தமில்லாம மாத்திப் போட்டுருதேன்."

"அவங்க சொல்லுதது அது. நாம பார்த்தது இது."

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். நானும் பின்னால் போனேன். பிலோமி அக்கா கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "அம்மா, உங்க இஸ்திரிப்பெட்டி மேல குத்தமில்ல. அது கெட்டுப்போனா நிறுத்துறதுக்குன்னு சுவத்துல ஒரு சுவிட்சு இருந்துச்சு. அது விழல. அது நல்ல சுவிட்சுன்னு கையெழுத்துப் போட்டது நான். பார்க்காமப் போட்டுட்டேன்" என்றார்.

அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டது உம்ம கை. வெந்தது என் கை" என்றார்.

"ஆமாம்மா."

"இன்னும் யாரு வீட்டுல இது மாட்டியிருக்கு?"

"நெறைய வீட்டுல."

"அப்ப என் மொகத்தைப் பார்த்துக்கிட்டு இங்கன ஏன் நிக்கீரு? போய்ச் சொல்லும்."

நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான வீடுகள். நான்கு நாள் நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் அவர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். "உங்க வீட்டுக்கு நான் போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்க வந்திருக்கேன்." சொல்லிவிட்டுக் கரண்டை நிறுத்துவார். பானை வைப்பார். விழுந்த சுவிட்சைத் திரும்ப மாட்டச் சொல்வார், விழாததைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். விழாதவை பதினொன்று. சிலர் கெஞ்சினார்கள். ஒரு வீட்டில் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்கள். மளிகை வியாபாரியின் மருமகன் வீடும் அதில் ஒன்று. அந்த மருமகன் வாசலில் நின்று ஊர் கேட்க ஏசினார். சுங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மட்டும் தணிந்த குரலில், "பழி வேற எங்கேயோ போயிட்டே, நீரு ஏன் குறுக்க வந்து தலையைக் குடுக்கீரு?" என்று கேட்டார்.

"இன்னும் பதினாலு வீடு பாக்கி இருக்கு, வாரேன்" என்று இவர் குடையை விரித்தார்.

மூன்றாம் நாள் உப்பளங்களை ஒட்டிய பாதையில் போய்க்கொண்டிருந்தோம். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது பெட்டியில் உப்புப் பூத்திருந்தது, நான் துடைத்தது, சோதனைக்கு நல்லதாகப் பார்த்துக் கொடுத்தது, கேட்டபோது இல்லை என்றது. அவர் முகத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

"அந்தப் பெட்டி இப்ப எங்க இருக்கு?" என்றார்.

"ஒடைச்சு அடுப்புக்குப் போட்டாச்சு."

"அப்ப நான் பார்க்க முடியாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்று முழுக்க வேறொன்றும் பேசவில்லை. மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

அவரே மேலே எழுதிப் போட்டதால்தான் விசாரணை வந்தது. மதுரையிலிருந்து ஒரு பெரிய இன்ஜினியர் வந்து ஆபீஸில் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் எதிரே நின்றோம். கழற்றிய பதினொரு சுவிட்சுகளும் மேசைமேல் வரிசையாக இருந்தன. இவருடைய அறிக்கையை இன்ஜினியர் சத்தமாக வாசித்தார். ஒரு பக்கம்தான். பத்துக்கு ஒன்று சோதித்தேன், எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்டேன், அது என் தவறு. என் பெயர் எங்குமே இல்லை. அப்படிச் செய்யச் சொன்ன மேலதிகாரியின் பெயரும் இல்லை.

"காண்ட்ராக்டர் உம்மிடம் எதையாவது மறைத்தாரா?" என்று இன்ஜினியர் கேட்டார்.

"நான் கண்ணால பார்த்ததை எழுதியிருக்கேன் சார். பார்க்காததை எழுத முடியாது. அதைச் சொல்ல வேண்டியவங்க இங்கனதான் இருக்காங்க."

சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, உப்பளப் பாதையில் அவர் என்னை மன்னிக்கவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. என் பங்கை என்னிடமே விட்டுவைத்திருந்தார். இன்ஜினியர் தாள்களை அடுக்கி எழுந்திருக்கப் போனார். சும்மா நின்றால் என் லைசென்ஸும் தொழிலும் தப்பிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. "சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

என் லைசென்ஸை ஒரு வருஷத்துக்கு நிறுத்தினார்கள். அவரிடமிருந்து கையெழுத்து அதிகாரத்தைப் பறித்து, ஒரு படி இறக்கி, கோவில்பட்டிப் பக்கம் கம்பிகளைப் பார்க்கும் வேலைக்கு அனுப்பினார்கள். மேலதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் ஊரைவிட்டுப் போன நாளில் வழியனுப்ப நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்.

அந்த ஒரு வருஷம் இன்னொரு காண்ட்ராக்டரிடம் கூலிக்கு வேலை செய்தேன். பிலோமி அக்காவின் கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றுவிட்டன. இடது கையால் கத்தரி பிடிக்கப் பழகிக்கொண்டு, இரண்டு பெண்களைக் கூட வைத்துத் தையலைத் திரும்ப ஆரம்பித்தார். நெருப்புப் பிடித்த வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்ய அந்தக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டபோது, என்னைத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லியனுப்பினார். நான் போய்த் தயங்கி நின்றேன். "ஏலே, நிக்காத, வேலையைப் பாரு. நான் ஒவ்வொண்ணையும் பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்றார். ஆறு நாளும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

வருஷம் முடிந்தது. லைசென்ஸ் திரும்பக் கிடைக்க, என் வேலையை அறிந்த மின்சார ஆபீஸ்காரர் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். யாரிடம் கேட்பது. வெட்கத்தை விட்டு அவருக்கே ஒரு கடிதம் எழுதினேன். ஒரு கார்டில் பதில் வந்தது. "ஒரு வருஷமாக உம்முடைய வேலையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்."

மணியாச்சியில் வண்டி மாறி வந்து இறங்கினார். இன்னும் மெலிந்திருந்தார். நேராக பிலோமி அக்கா வீட்டுக்குப் போனோம். நான்கு மணி நேரம் அந்த வீட்டைப் பார்த்தார். ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு இணைப்பையும் அவிழ்த்துப் பார்த்தார். அடுக்களையில் பூமிக்குப் போகும் கம்பியின் முடிச்சு ஒன்று தளர்வாக இருந்தது. "இதைத் திரும்பப் போடும்" என்றார். நான் போட்டேன். அது அவருக்குத் திருப்தியாக இல்லை. மறுபடி போட்டேன். அதற்குள் அவர் திரும்பிப் போக வேண்டிய வண்டி போய்விட்டது. அக்கா அவருக்கு மீன் குழம்பும் சோறும் போட்டார். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, தாளை மேசைமேல் வைத்து எழுதினார்.

"இந்த ஒரு வீட்டில், இன்று நான் பார்த்த வேலையில் குறை இல்லை."

நான் வாசித்துவிட்டு, "பொதுவா நல்ல வேலைக்காரன்னு ஒரு வரி சேர்த்தா நல்லா இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

"ஒரு வீடுதானவே பார்த்திருக்கேன்" என்றார்.

அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. லைசென்ஸ் கிடைத்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. நான் கேட்காமலே, லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். "இப்ப எந்த வீட்டுல வேலை?" என்பார். ஆலந்தலையில் ஒரு வீட்டுக்கு வெயிலில் மணலில் நடந்து வந்து பார்த்தார். பார்த்து முடித்ததும் ஒரு தாள் எழுதி என் கையில் கொடுப்பார். அதே வரி, வீடும் தேதியும் மட்டும் வேறு. அந்தத் தாள்களால் எனக்கு ஆபீஸில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அவருக்கும் அது தெரியும். அப்படி மூன்று வருஷத்தில் ஒன்பது தாள் சேர்ந்தன. ஒன்பதாவதில் வழக்கமான வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. "இவர் நல்ல வேலைக்காரர். பார்த்துச் சொல்கிறேன்."